முரளிக்கு, ஆலங்காயத்திலிருந்து

அன்புள்ள முரளிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இதைத் தபாலில்தான் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுந்ததா என்று ராத்திரி பூராவும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் கட்டைவிரல் பொம்மை வந்தது. அப்புறம் பதினாறு நாளாக ஒன்றும் வரவில்லை.

மழை பரவாயில்லை. பின்கட்டு ஓடு மாற்றியாகிவிட்டது, ஒழுகல் நின்றது. ஓசூரில் அக்கா மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இந்த மாசம் பணம் அனுப்பாதே என்று சொல்லியிருந்தேன், அனுப்பிவிட்டாய். எனக்கு என் பென்ஷனும் அப்பா பென்ஷனும் இருக்கிறது, ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்?

ஆகஸ்டில் பேப்பரில் வந்ததை வெட்டி அப்பா டைரிக்குள் வைத்திருக்கிறேன். யுரேனஸுக்கு இன்னொரு நிலா, 29-ஆவது. குறுக்களவு 10 கிலோமீட்டர்தானாம். இங்கிருந்து வாணியம்பாடி போகிற தூரம்கூட இல்லை. உங்கள் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பிப்ரவரி 2-ஆம் தேதி எடுத்த படத்தில் அகப்பட்டதாம். ஒரு படத்துக்கு 40 நிமிஷம் என்று பத்துப் படம் எடுத்தார்களாமே! இன்னும் பேர்கூட வைக்கவில்லை, ஷேக்ஸ்பியரில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடுவார்கள் போல. அந்த டெலஸ்கோப் அனுப்புகிற படங்களைச் சுத்தம் செய்கிற ப்ரோக்ராம் நீ எழுதுகிறாய் என்று ஹெட்மாஸ்டர் சாரிடம் சொன்னேன். "நம்ம ஸ்கூல் பையன்" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு டீக்கடைவரைக்கும் போய்விட்டார். நீதான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்ன வயசில் கிரகணம் என்றால் முதல் நாளே வந்து சொல்கிற பிள்ளை நீ.

அப்பா இருந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார். யுரேனஸ் என்றால் அவருக்கு மலைக் கோயில் சாமி மாதிரி. 1977 மார்ச் 10 கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அவர் அப்போது காவலூர் மலை அப்சர்வேட்டரியில் வேலைக்குச் சேரவில்லை, இருந்தும் கண்ணால் பார்த்த மாதிரியே சொல்லுவார். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் யுரேனஸ் வரப்போகிறது என்று அங்கே 40 இன்ச் டெலஸ்கோப்பில் காத்திருக்கிறார்கள். கிரகம் வருவதற்கு முன்னாலேயே வெளிச்சம் சட்டென்று குறைந்து, திரும்பி வந்தது. மேகமா, கருவிக் கோளாறா என்று பார்த்தார்கள், இரண்டும் இல்லை. நம்மவர்கள் முதலில் அதைப் புது நிலா என்றுதான் எழுதினார்கள். அமெரிக்காக்காரர்கள் ஒரு விமானத்தில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடல் மேலே பறந்தபடி பார்த்தார்கள். அவர்களுக்குக் கிரகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிச்சம் ஒரே மாதிரி விட்டு விட்டுக் குறைந்தது. நிலா இல்லை, வளையம். "நாம நிலான்னு சொன்னோம், வளையம்னு ஆச்சு. ஒருநாள் நிலாவும் வரும் பார்" என்பார். வந்துவிட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை.

1986-இல் வாயேஜர்-2 விண்கலம் யுரேனஸ் பக்கத்தில் போனபோதுகூட இந்த நிலா கண்ணில் படவில்லையாம். அந்த ஜனவரிதான் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து 93 இன்ச் டெலஸ்கோப்பைத் திறந்துவைத்தார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். உனக்கு ஐந்து மாசம், என் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பிள்ளையா இப்போது ஒரு வார்த்தைக்கு இப்படிக் கணக்குப் பார்க்கிறது?

பேப்பரில் இன்னொன்றும் வந்தது. நாசாவின் ஆராய்ச்சிப் பணத்தில் ஏறக்குறையப் பாதியை வெட்டச் சொல்லி அங்கே அரசாங்கமே கேட்டிருக்கிறதாம். அதை நான் வெட்டி வைக்கவில்லை.

போன மாசம் நீ ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டாய். உனக்குக் காலை 11 மணி. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாய். லீவா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். பின்னால் ஜன்னலில் நல்ல வெயில். இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை, அதே நேரம், அதே பனியன். வீட்டிலிருந்தே வேலை என்றாய். சுமதி மட்டும் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு குறுக்கே போனாள், உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாள். நான் ஓடு மாற்றுவதைப் பற்றிப் பேசினேன்.

சரி, அதை விடு. இனிமேல் மாசாமாசம் அனுப்புவதை நிறுத்து என்பதற்குத்தான் உட்கார்ந்தேன். இங்கே பணம் பேங்கில் சும்மா கிடக்கிறது. பாப்பா ஸ்கூலுக்கு வைத்துக்கொள்.

முரளி, உனக்கு ஒன்று தெரியாது. உன் அக்காவுக்கும் தெரியாது, அவள் அப்போது கைக்குழந்தை. அப்பா மலைக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் வாணியம்பாடியில் தோல் கம்பெனியில் இருந்தார். அந்தத் துணியின் நாற்றம் உனக்குத் தெரியாது. இரண்டு தரம் சோப்புப் போட்டாலும் அக்குளில் நிற்கும், தனி வாளியில்தான் ஊறவைப்பேன். ஒரு வாரம் சட்டையைத் தோய்க்கும்போது நாற்றம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வெறும் வேர்வை, ரயில் கரி. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்கவில்லை. காலையில் ஆறே முக்காலுக்கு டிபன் கேரியரைக் கட்டிக் கொடுத்தேன். பஸ் ஏறிப் போவார், சாயங்காலம் வருவார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று பால்காரர் வந்து சொன்னார், யாரையோ பார்க்கப் போயிருப்பார் என்று மழுப்பினேன். இரண்டு மாசம் இப்படியே போனது. அவராகச் சொல்லட்டும் என்று வீம்பு எனக்கு. வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறவள் என்ற திமிரும் கூட. ஒன்றாம் தேதி, வேண்டுமென்றே, "சம்பளம் போட்டாங்களா?" என்று கேட்டேன். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார், வட்டிக்கு வாங்கி. நான் அதை எண்ணி வாங்கினேன். அவர் முன்னாலேயே, நோட்டைத் தட்டித் தட்டி எண்ணினேன்.

அந்தக் கடன் நீ பிறந்த பிறகுதான் அடைந்தது. அப்பா போகிறவரைக்கும் எனக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சொல்லலாம் என்று போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

நீ அனுப்பிய பணத்தை நான் தொடவில்லை. அப்படியே இருக்கிறது, எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை.

தூங்காமல் இருக்காதே. சுமதியிடம் எரிந்து விழாதே. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாலும் எடுப்பேன், லீவா என்று கேட்க மாட்டேன்.

அம்மா