பிரிட்ஜ் கதவிலை இருந்த பெட்டி

தர்மபுரம்,
ஐப்பசி 2025.

அன்புள்ள பிள்ளைக்கு அப்பா எழுதுவது,

நாங்கள் நல்ல சுகம். நீயும் மருமகனும் சின்னவனும் சுகமாய் இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுறம்.

போனிலை கதைக்காமல் இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுது எண்டு யோசிப்பாய். மூண்டு கிழமையாய் நீ வீடியோவிலை வாறேல்லை. கமரா பழுது எண்டாய். அதே போனிலை சின்னவன் வரேக்கை அவன்ரை பல்லிடுக்கிலை இருக்கிற பிஸ்கற் துண்டுகூடத் தெரியுது. சரி, கமராவைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை.

மேற்கு ஒழுங்கை வாத்தியாரின்ரை மகன் வெள்ளிக்கிழமை லண்டனுக்கு வெளிக்கிடுறார். அவரிட்டை இதைக் குடுத்துவிடுறன். கூடவே ஒடியல் மா ஒரு கிலோ, அம்மா வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள், முறிகண்டிக் கச்சான் ரெண்டு பை. கச்சான் உனக்கெண்டுதான் வாங்கினது. உனக்குத் தின்ன மனமில்லாட்டி மருமகனுக்குக் குடு. சும்மாதான் எழுதுறன், அதிலை வேறை அர்த்தம் தேடாதை.

முதல் மழை விழுந்து கீழ்வயல் விதைச்சாச்சு. சிவலைப் பசு நாம்பன் கண்டு ஈண்டிருக்கு. அம்மாவின்ரை பெருவிரல் புண் ஒருமாதிரிக் காய்ஞ்சு வருது. கிளினிக்கிலை மெற்போமின் எண்ட சீனி வருத்தக் குளிசையைக் கூட்டியிருக்கினம். எண்டாலும் காலமைச் சீனி 190 இலைதான் நிக்குது. சீனிக் கதை வந்த இடத்திலையே கேட்டுவிடுறன், பிறகு எனக்கு வாய் வராது.

சின்னவன்ரை பிறந்தநாளண்டு கேக்கைக் காட்டவெண்டு நீ பிரிட்ஜைத் திறந்தாய். அம்மா கேக்கைப் பாத்தா. நான் கதவைப் பாத்தன். முட்டைத் தட்டுக்குக் கீழை, மாஜரீன் டப்பாவுக்குப் பின்னாலை ஒரு நீட்டுப் பெட்டி. முப்பத்தொரு வருசம் டிஸ்பென்சராய் நிண்ட மனுசனுக்கு மருந்துப் பெட்டி தெரியாமல் போகுமோ? இன்சுலின் பேனை எண்டு நினைச்சு எனக்கு நெஞ்சு திக்கெண்டது. அம்மாவின்ரை வருத்தம் இருபத்தெட்டு வயசிலை பிள்ளைக்கும் வந்திட்டுது எண்டு விடிய விடிய நித்திரையில்லை. விடியப்புறம்தான் பெட்டியிலை இருந்த பேர் ஞாபகத்துக்கு வந்தது. மௌன்ஜாரோ. போனிலை தேடிப் பாத்தன், எடை குறைக்கவும் போடுற ஊசி. பேசாமல் போய் மாட்டை அவிட்டன்.

உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதேல்லை. ஒரு கேள்விதான். அதை ஆர் எழுதித் தந்தது?

டொக்டர் உன்னை நேரை பாத்து, நிறுத்து, இரத்தம் சோதிச்சு எழுதித் தந்ததெண்டால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறியளின்ரை ஊசி எண்டு கதைக்கிற ஆக்கள் இருக்கினம். நான் அந்தக் கட்சி இல்லை. அம்மாவுக்குச் சீனி வந்த புதிசிலை அவவையும் நான் அப்பிடித்தான் பேசினனான், வாயைக் கட்டு, வாயைக் கட்டு எண்டு. பசி எண்டது மனசிலை மட்டும் இருக்கிற சாமான் இல்லை. குடலிலை ஊறுற ஒண்டு மூளைக்குப் போய்க் காணும் எண்டு சொல்லுது. இந்த ஊசி அதைப் போலச் செய்த ஒண்டு. இரைப்பையிலை இருந்து சாப்பாடு இறங்கிறதையும் மெதுவாக்கும். இந்தக் குடும்பத்து மருந்திலை முதலாவது வந்தது எப்பிடித் தெரியுமோ? அமெரிக்கப் பாலைவனத்திலை உடும்பு மாதிரி ஒரு விசப் பல்லி. அதின்ரை எச்சிலிலை இருந்த ஒரு பொருளைப் பாத்துச் செய்து 2005 இலை வித்தவை. எங்கடை கொப்பாட்டன்மார் பசிக்கு உடும்பைத் திண்டவை, அவங்கள் அதின்ரை சொந்தக்காரனிலை பசி போக்க மருந்தெடுத்திருக்கிறாங்கள். அம்மாவுக்குச் சொல்ல அவ சிரிக்கவே இல்லை.

வேலை செய்யிற மருந்துதான், மறைக்கத் தேவையில்லை. ஓசெம்பிக் எண்டு சீனிக்குக் குடுத்ததை வேறை பேரிலை 2021 இலை எடைக்கும் அனுமதிச்சவை. 68 கிழமை போட்ட ஆக்களுக்குச் சராசரி நூற்றுக்குப் பதினைஞ்சு பங்கு எடை குறைஞ்சிருக்கு. உன்ரை பெட்டியிலை இருந்தது அதிலும் கூடக் குறைக்கும். ஓசெம்பிக்கிலை இருக்கிற மருந்தைப் போட்ட, ஏற்கெனவே இதய வருத்தம் உள்ள உடம்பு வைச்ச ஆக்களிலை மாரடைப்பு, பாரிசவாதம், இதய வருத்தச் சாவு எல்லாம் சேத்துப் பாக்க ஐஞ்சிலை ஒரு பங்கு குறைஞ்சதாம். உலக சுகாதார நிறுவனம் போன மாசம்தான் இந்த ரெண்டு மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலை சேர்த்தது. எங்கடை ஆக்களுக்கு வெள்ளைக்காரரிலும் குறைஞ்ச எடையிலையே சீனி பிடிக்கும் எண்டு லண்டனிலை எங்களுக்கு உடம்பு கூட எண்டு கணிக்கிற எடை அளவையும் இறக்கி வைச்சிருக்கினம். இதெல்லாம் தெரிஞ்சுதான் எழுதுறன்.

ஆனால் ஊசியை விட்டால் ஒரு வருசத்துக்குள்ளை, குறைஞ்சதிலை மூண்டிலை ரெண்டு பங்கு திரும்பி வந்திட்டுது எண்டும் ஆராய்ச்சி செய்தவையே எழுதியிருக்கினம். அப்ப எத்தினை வருசம் போடப்போறாய்? செப்டெம்பரிலை அங்கை விலையையும் ஏத்தியிருக்கினமாம். விலை ஏறினால் ஆக்கள் மலிவான இடம் தேடுவினம். 2023 இலை உங்கடை நாட்டிலையே கள்ளப் பேனை பிடிபட்டது. அதைப் போட்டுச் சீனி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் இருக்கினம், உள்ளுக்கை இன்சுலினாய் இருக்கும் எண்டு சந்தேகம். அதாலைதான் திரும்பக் கேக்கிறன், ஆர் எழுதித் தந்தது, எங்கை வாங்கினது?

தண்ணி குடி. முட்டை, மீன், பருப்பு விடாதை. கொழுப்போடை தசையும் கரையும். வயித்துக்குத்து முதுகுக்கு ஓடினால் சமிபாடில்லை எண்டு இஞ்சி குடிச்சுக்கொண்டு இராமல் உடனை ஆஸ்பத்திரிக்குப் போ, கணையமாய் இருக்கலாம். இன்னொண்டு, தகப்பன் எழுதுற விசயம் இல்லை, டிஸ்பென்சர் எழுதுறான் எண்டு நினை. இந்த ஊசி போடேக்கை குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை மட்டும் நம்பக்கூடாது. சின்னவனுக்கு ஒரு தங்கச்சி எண்டு நினைச்சால் ஒரு மாசத்துக்கு முன்னமே நிப்பாட்ட வேணும். அம்மாதான் எழுதச் சொன்னவ எண்டு எழுதலாம் எண்டு பாத்தன். அவ சொல்லேல்லை. அவவுக்கு இந்தப் பெட்டியே தெரியாது. தண்ணி குடி.

போன கிழமை உன்ரை படம் பாத்திட்டுக் கோயிலடியிலை ரெண்டு பேர் சொல்லிச்சினம், உங்கடை மகள் மெலிஞ்சு நல்ல வடிவாய் வந்திட்டா எண்டு. எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தி வடிவில்லையோ?

நீ பிறந்தது 97 இலை, ஆமி ஜெயசிக்குறு எண்டு வன்னிக்குள்ளை சண்டைக்கு இறங்கின வருசம். நான் பனடோலைப் பாதியாய் முறிச்சு எண்ணிக் குடுத்துக்கொண்டு இருந்தன். அதே வருசம் அமெரிக்காவிலை எடை குறைக்கிற குளிசை ஒண்டு இதய வால்வைப் பழுதாக்குது எண்டு கடையளிலை இருந்து திருப்பி எடுத்தவை. பிறகு ஒரு காலத்திலை அதை வாசிச்சு நான் சிரிச்சனான். பசியைக் காசு குடுத்து விரட்டுற சனமும் இருக்கு எண்டு.

2009 கடைசிச் சண்டை நேரம், மாத்தளனிலை உனக்குப் பன்ரண்டு வயசு. கஞ்சி குடுக்கிற இடத்துக்கு நீதான் போவாய், பெரிய ஆக்கள் போனால் ஷெல்லுக்கு விலகி ஓடத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு. பால்மா ரின்னை உள்ளங்கையாலை மூடிக்கொண்டு வருவாய். உப்பில்லாத கஞ்சி. எங்கள் மூண்டு பேருக்கும் பங்கிட்டுப்போட்டு, ரின்னுக்குள்ளை விரலை விட்டு அடியிலை ஒட்டின சோத்துப் பருக்கையை வழிச்சு எடுப்பாய். ரின் விளிம்பு வெட்டி விரலிலை இரத்தம் வந்தது ஒருநாள். நீ விரலையும் சேத்துச் சூப்பினாய். இண்டைக்கு அந்த விரலாலைதானே பேனையை அமத்துறாய் எண்டு நினைக்க எனக்கு என்னவோ செய்யுது. அது உன்ரை பிழை இல்லை. வயித்தை நிரப்பவும் வேண்டாம் எண்டு சொல்லவும் உனக்கு உரிமை இருக்கு.

செட்டிகுளம் அகதி முகாமிலை இருந்து வந்து இந்தத் தகரக் கொட்டிலைப் போட்ட பிறகு உனக்குச் சாப்பாடு தாறதுதான் என்ரை வேலை. தயிரும் குரக்கன் புட்டும் முட்டைப் பொரியலும், நீ காணும் காணும் எண்ண நான் போட்டனான். உன்ரை கன்னம் உப்ப உப்ப எனக்கு உயிர் வந்தது. அந்த உடம்பை வைச்சது நான். பிறகு அதை வேண்டாம் எண்டதும் நான்தான்.

2018 இலை அந்த முதல் சம்பந்தம் வந்தது ஞாபகம் இருக்கே? பெட்டைக்கு உடம்பு கொஞ்சம் கூட எண்டு தரகர் சொல்லிப்போட்டுப் போனார். கம்பஸ் லீவிலை நிண்ட உனக்கு நான் காலமையிலை வெறுவயித்திலை சத்துக் குளிசை தந்தனான். மருந்துக் கவரிலை விற்றமின் எண்டு என்ரை கையாலை எழுதினன்.

அது விற்றமின் இல்லை பிள்ளை. தைரொக்சின். கழுத்துச் சுரப்பி வேலை செய்யாத ஆக்களுக்குக் குடுக்கிற குளிசை. உனக்குச் சுரப்பியிலை ஒரு குறையும் இல்லை. மெலிவிக்க அதைக் குடுக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், எத்தினை பேருக்கு நானே இல்லையெண்டு திருப்பி அனுப்பியிருப்பன். வெளியிலை ஒரு கடையிலை காசுக்குத்தான் வாங்கினன். டொக்டரின்ரை துண்டு கேக்கேல்லை. என்னை அவனுக்குத் தெரியும், அதாலை கேக்கேல்லை.

பெண் பாக்க வந்த அண்டு தட்டத்திலை தேத்தண்ணிக் கோப்பையள் கிடுகிடுவெண்டு அடிச்சுது. பிள்ளைக்கு வெக்கம் எண்டு எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சன். வெக்கம் இல்லை எண்டு அந்த இடத்திலை தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். அண்டிரவு நீ நித்திரை வருதில்லை, நெஞ்சு அடிக்குது எண்டு திண்ணையிலை வந்து இருந்தாய். நாடி பிடிச்சன், 128. அடுத்த நாள் கவரை அடுப்பிலை போட்டிட்டு, சத்துக் காணும் எண்டன். சம்பந்தம் சரிவரேல்லை. அது நல்லதுக்கு.

மருமகன் ஒருநாளும் உன்ரை உடம்பைப் பற்றிக் கதைச்சிருக்க மாட்டார் எண்டு நினைக்கிறன். கதைச்சவரோ?

இந்த ஊசிக்கு முன்னம் கழுத்துச் சுரப்பியைப் பற்றிக் கேக்கிறது வழக்கம். நீ ஒண்டும் இல்லை எண்டு சொல்லியிருப்பாய், உனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லுவாய். ஏழு வருசத்துக்குப் பிறகு அதிலை ஒண்டும் மிஞ்சியிராது எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் டொக்டரிட்டைப் போய் இதை எழுதுவி: 2018 யூன், யூலை, தைரொக்சின் 100 மைக்ரோகிராம், நாளுக்கொருக்கால், ஏழு கிழமை, வருத்தம் இல்லாமல் எடுத்தது. ஆர் எழுதித் தந்தது எண்டு கேட்டால், அப்பா எண்டு சொல்லு.

இப்படிக்கு,
அப்பா

ஒடியல் மாவைப் பையோடை வைக்காதை, வண்டு பிடிக்கும். போத்திலிலை கொட்டி வை.