4கே என்று கொட்டை எழுத்தில் போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த விலையில் 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. படத்தைக் குறை சொல்ல மாட்டேன், 4கே, அதாவது 3840க்கு 2160 புள்ளிகள், எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்க அதுவே தாராளம். தொல்லை எல்லாம் உள்ளே இருக்கும் 8 ஜிபி சேமிப்பிலும், ஆப் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான 1.5 ஜிபி ரேமிலும்தான். சிஸ்டமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் நாலு ஆப் போட்டால் 'இடம் இல்லை' என்று வந்து நிற்கிறது. ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தினால் சில நொடி அசைவே இல்லை. அம்மா பொறுமை இழந்து மூன்று தடவை அழுத்துவார், டிவி மூன்றையும் நிதானமாக நினைவு வைத்திருந்து சம்பந்தமே இல்லாத எதையோ திறக்கும்.

ரிமோட்டில் அணைப்பது உண்மையில் அணைப்பதே இல்லை, டிவி தூங்கத்தான் போகிறது. வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது (இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம்!). ஸ்பீக்கர் கீழே பார்த்து இருப்பதால் பின்னணி இசை வந்தால் வசனம் அமுங்கிவிடும், செட்டிங்கில் குரலுக்கான ஒலி முறையை வைத்த பிறகு பரவாயில்லை.

எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் எடுப்பாகத் தெரியும் பட முறை) என்றும் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். திரையில் அதற்கேற்ற வெளிச்சம் இல்லை, இருட்டுக் காட்சி இன்னும் இருட்டாகிறது, அவ்வளவுதான்.

4கே என்பதைப் பெரிதாக அச்சடிப்பவர்கள் ரேம் எவ்வளவு, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடட்டும்.

- ஒரு வாசகர்