முதல் பேட்சுக்கு வரும் முதல் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரலை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் திறமூல மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம்’ என்று தவறாமல் சொல்கிறார்கள். அதை நம்பி வந்தவர் முதல் கேள்விக்கே ‘போய் ஆவணத்தைப் படி’ என்று விரட்டப்படுவதை எழுதுகிறவர்கள் குறைவு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் ஏறத்தாழ 5,500 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 18 விழுக்காட்டினர் தங்களுக்கே கசப்பான அனுபவம் நேர்ந்ததாகச் சொன்னார்கள். பிறருக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் பாதிப் பேர்.

‘பண்பாகப் பேசுங்கள்’ என்று கேட்டுக்கொள்வதால் மட்டும் இது மாறாது. திட்டத்தின் விதிகள் பராமரிப்பாளரின் (திட்டத்தை நடத்தி, வரும் திருத்தங்களை ஏற்பவரின்) மனத்துக்குள் மட்டும் இருக்கும் இடத்தில்தான் சுடுசொல் அதிகம் பிறக்கிறது. ஒரே தவறை ஐம்பது பேரிடம் பார்த்துச் சலித்தவரின் கோபம், அதை முதல்முறை செய்த ஐம்பத்தோராவது ஆள்மேல் விழுகிறது.

நிரலைத் தொகுக்கும்போதே (இயங்கும் வடிவத்துக்கு மாற்றும்போதே) சிக்கல் தொடங்கிவிடும். திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் மூன்று கட்டளைகள்தான் இருக்கும். பராமரிப்பாளரின் கணினியில் தேவையான துணை நிரல் நூலகங்கள் என்றோ நிறுவப்பட்டவை என்பதால் அங்கே அவை ஓடும். புதியவரின் கணினியிலோ அந்த நூலகத்தின் ஹெடர் கோப்பு இல்லையென்று நின்றுபோகும். அவர், தொகுக்கும் கருவியான ‘மேக்’ கடைசியாக அச்சிட்ட ‘எரர் 2’ வரியைத் திரைப்பிடிப்பாக எடுத்து அனுப்புவார். உண்மைக் காரணமோ அதற்குப் பல வரிகள் மேலே, முதலில் வந்த பிழையில் இருக்கிறது. படத்திலுள்ள எழுத்தைத் தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. எரிச்சல் வருவது இயல்புதான்; ஆனால் அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. எதுவும் நிறுவாத ஒரு கண்டெய்னரில் (தனியாகப் பிரித்த வெற்றுச் சூழலில்) ரீட்மீயை வரிக்கு வரி ஓட்டிப் பார்க்கும் சோதனையைத் தானியங்கிச் சோதனைகளோடு சேர்த்து, வாரம் ஒருமுறை ஓட விடலாம். வழு அறிக்கைப் படிவத்தில் பதிப்பு எண், இயங்குதளம், கொடுத்த கட்டளை, எழுத்தாக ஒட்டிய முழு வெளியீடு என்று நான்கு கட்டங்கள் வைக்கலாம். ‘முதல் பிழையிலிருந்து ஒட்டுங்கள்’ என்று கடைசிக் கட்டத்தின் மேலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது நிரலின் நடை. இடைவெளி, அடைப்புக்குறி, பெயரிடும் முறை என்று ஒரு சிறு புல் ரிக்வெஸ்டில் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) இருபது குறைகளை ஒரு மனிதர் எழுதினால், படிப்பவருக்கு இருபது அடி விழுந்தது போலிருக்கும். அதே இருபதையும் நடையைத் தானாகச் சரிசெய்யும் ஃபார்மேட்டர் கருவி சொன்னால் யாருக்கும் வலிப்பதில்லை. மாற்றத்தைப் பதிவு (கமிட்) செய்வதற்கு முன்பே ஃபார்மேட்டர் ஓடும்படி அமைத்துவிட்டு, மதிப்பாய்வில் வடிவமைப்பையும் சரியாக இயங்குகிறதா என்பதையும் மட்டும் பேச வேண்டும். நான் பார்த்தவரை இதைவிட மலிவான மருந்து இல்லை.

விதியை எழுதி வைத்தாலும் காரணம் சொல்லாவிட்டால் பயனில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான பேட்ச் (நிரல் திருத்தம்) வெற்று எழுத்து மின்னஞ்சலாகப் போக வேண்டும். பல மின்னஞ்சல் செயலிகள் டேப்பை இடைவெளிகளாக மாற்றும், நீண்ட வரிகளை உடைக்கும். அதனால் பேட்ச் பொருந்தாது. ‘பேட்ச் கெட்டிருக்கிறது’ என்று மட்டும் பதில் வந்தால் புதியவர் தன் நிரலில்தான் தவறென்று நினைத்து இரண்டு நாள் தேடுவார். ‘உங்கள் செயலி டேப்பை மாற்றியிருக்கிறது, கிட் சென்ட்-இமெயில் கட்டளை கொண்டு அனுப்புங்கள், முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பிச் சரிபாருங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் அன்றே முடியும். இப்படிப்பட்ட பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி கிட்ஹப்பிலேயே இருக்கிறது.

பராமரிப்பாளர்களின் சோர்வையும் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபரில், பங்களிப்போருக்கு டி-ஷர்ட் தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் பரிசுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய வெற்று புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று ஹாக்டோபர்ஃபெஸ்ட் அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல் தொகுப்பை ஏறத்தாழ தனியாகப் பராமரித்தவரை, 2022இல் முகம் தெரியாத கணக்குகள் ‘வேகம் போதாது, வேறொருவரிடம் கொடு’ என்று நெருக்கின. பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட ‘உதவியாளர்’ வைத்த பின்கதவு (ரகசிய நுழைவழி) 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. இதைக் காட்டி, புதியவர்களைத் தள்ளி வைப்பதே பாதுகாப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். அது தவறு. கேள்விக்குக் கனிவாகப் பதில் சொல்வது வேறு, வெளியீட்டு உரிமையைக் கையில் கொடுப்பது வேறு. முன்னதை முதல் நாளே செய்யலாம். பின்னதற்குப் பல மாத மதிப்பாய்வும் இரண்டாவது ஆளின் ஒப்புதலும் வேண்டும்.

நடத்தை நெறிகளைப் பற்றி ஒன்று. 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டார். அதே சமயத்தில் பொது நடத்தை நெறி மாதிரியான கான்ட்ரிபியூட்டர் கவனன்டை அடிப்படையாகக் கொண்ட நெறியைக் கெர்னல் திட்டம் ஏற்றது. அதன்பின் எத்தனையோ திட்டங்கள் அதே கோப்பை நகலெடுத்து வைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் புகார் முகவரிக்கான இடம் இன்னும் நிரப்பப்படாமலே கிடக்கிறது! குறைந்தது இரண்டு பேரின் முகவரி வேண்டும். ஒருவர்மேலேயே புகார் வந்தால் மற்றவர் விசாரிக்க வேண்டுமல்லவா?

‘முதல்முறை வருபவர்களுக்கு’ என்று குறியிடும் இஷ்யூக்களில் (செய்ய வேண்டிய திருத்தம் பற்றிய பதிவுகளில்) எந்தக் கோப்பு, எந்தச் சார்பு (ஃபங்ஷன்), திருத்தம் சரியென்று எந்தச் சோதனை காட்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பழையவர்கள் அவற்றைத் தொடக் கூடாது. எடுத்தவர் இரண்டு வாரம் பேசாமலிருந்தால், ‘தொடர்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு அடுத்தவருக்குத் திறந்துவிடலாம்.

பதிலே வராமல் கிடந்து, தொண்ணூறாம் நாள் பாட் (தானியங்கி நிரல்) வந்து மூடிவிட்டுப் போகும் புல் ரிக்வெஸ்ட், வசவைவிட அதிகம் புண்படுத்தும். ஆள் இல்லாத திட்டம் அதை மறைக்க வேண்டியதில்லை. ‘நாங்கள் இரண்டு பேர்தான், பதில் வர மூன்று வாரம் ஆகலாம், அதற்குமேல் ஆனால் ஒருமுறை நினைவூட்டுங்கள்’ என்று பங்களிப்பு வழிகாட்டியின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
திறமூலத் திட்டப் பராமரிப்பாளர் ஒருவர்