ஒன்பதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 அக்டோபர் – 2025 செப்டெம்பர்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

கடந்த ஓராண்டில் நமது நீச்சற் சங்கம் ஆற்றிய பணிகளை இச்சபையின் முன் வைக்கிறேன். வழமையான நிகழ்வுகளைச் சுருக்கமாகவும், மே மாதத்தில் ஏரியில் நேர்ந்த விபத்தையும் அதன் பின்னர் எடுக்கப்பட்ட முடிவுகளையும் விரிவாகவும் எழுதியிருக்கிறேன். அம்முடிவுகள் குறித்து அங்கத்தவர் சிலரிடம் மனக்குறை இருப்பதை அறிவேன். ஆகவே காரணங்களை எழுத்தில் பதிவு செய்வது என் கடமையாகிறது.

கிறிஸ்துமஸ் காலையில், லண்டன் ஹைட் பார்க்கின் சர்ப்பன்டைன் ஏரியில் 1864 முதல் நடந்துவரும் நீச்சற் போட்டியைப் பார்க்க 11 பேர் சென்றுவந்தோம். தைப்பொங்கல் ஏரிக்கரையில் நடைபெற்றது. சிறுவர் வகுப்பு, பாடசாலை விடுமுறைகள் நீங்கலாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் நடைபெற்றது. ஜூலை 25 ஆம் நாள், உலக நீரில் மூழ்கல் தடுப்பு நாளில், மிதக்கும் பயிற்சி ஒன்று நடத்தினோம்.

ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்களின் நினைவாக விளக்கேற்றினோம். அன்று நான் கூறியதை, வராதவர்களுக்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன். 1971 இல் வல்வெட்டித்துறையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து, நீந்தியே திரும்பியும் வந்த அந்த மனிதர், 1984 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். பாக்கு நீரிணையின் நீர் ஆண்டின் பெரும்பகுதியும் 26 பாகை செல்சியசுக்கு மேலேயே இருக்கும்; ஆங்கிலக் கால்வாயோ ஆகஸ்டிலும் 18 பாகை அளவில்தான் நிற்கும். அவருடைய துணிவைப் போற்றுகின்ற நாம், இரு கடல்களுக்கும் இடையிலுள்ள அந்த வேறுபாட்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி மே மாதத்து விபத்துக்கு வருகிறேன். 2025 மே 1 ஆம் நாள் லண்டன் கியூ தோட்டத்தில் வெப்பநிலை 29.3 பாகையைத் தொட்டது; இந்நாட்டில் மே முதலாம் நாள் அவ்வளவு வெயில் அதற்கு முன் பதிவாகியதில்லை. அன்று வியாழக்கிழமை. மாலை வேலை முடிந்து, குளிர்காலம் முழுவதும் ஏரிப் பக்கமே வந்திராத பலரும், அவர்களோடு விருந்தாளிகளும் வந்து கூடியிருந்தனர். நீரின் வெப்பநிலையை அளந்து கரும்பலகையில் எழுதும் முறை அன்று யாருடையதோ, அவர் வரவில்லை. வரவில்லை என்று அறிவிக்கவும் இல்லை. பலகை வெறுமையாகவே இருந்தது. பின்னர் நானே வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது நீர் 13 பாகையில் இருந்தது.

அங்கத்தவர் ஒருவரின் மைத்துனர் மரத்துறையின் நுனியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தார். தொண்டைமானாற்றில் பிறந்து, நடக்கப் பழகிய காலத்திலேயே நீந்தவும் பழகியவர். நம்மில் பலரையும் விட வல்ல நீச்சற்காரர். மேலே வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான்கைந்து கைவீச்சுகளின் பின் கைகள் நீரை அடிக்கத் தொடங்கின. தலை இரு தடவை தாழ்ந்தது. துறைக்கும் அவருக்கும் இடையில் ஆறு அல்லது ஏழு மீற்றர்தான் இருக்கும். எறிகயிற்றுப் பையை நான் வீசினேன். பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கரையில் கிடந்தவாறே அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “அண்ணை, மூச்சு உள்ளுக்குப் போய்க்கொண்டே இருந்தது, வெளியாலை விட ஏலாமல் போச்சு.” அவசர உதவி எண்ணான 999 ஐ அழைத்தோம். நீரை உள்ளிழுத்திருந்தபடியால் ஒரு இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவருக்கு நேர்ந்தது குளிர் அதிர்ச்சி. இதை நம்மவர்கள் “கூதல் பிடித்தது” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இது உடல் விறைத்துப் போவதினின்றும் முற்றிலும் வேறானது. விறைத்துப் போவதற்கு அரைமணி நேரத்துக்கும் மேலாகும். குளிர் அதிர்ச்சியோ தோல் நீரில் பட்ட கணத்திலேயே தொடங்கி, முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை எட்டி, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. தோலிலுள்ள குளிர் உணரிகள் ஒரே வேளையில் தூண்டப்படும்போது மனிதன் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கிறான். அதைத் தொடர்ந்து அடக்க முடியாத வேகத்தில் மூச்சு வாங்குகிறது. சாதாரணமாக ஒரு நிமிடம் மூச்சடக்கக் கூடியவரால் பத்து விநாடி கூட அடக்க முடிவதில்லை. அந்த முதற் பெருமூச்சு வரும் கணத்தில் முகம் நீருக்கடியில் இருந்தால், உள்ளே போவது காற்றல்ல. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவராயினும் அந்த ஒன்றரை நிமிடத்தில் அவருடைய நீச்சல் உதவுவதில்லை. நீர் 15 பாகைக்குக் கீழே இருக்கையில் இது கடுமையாகிறது. இந்நாட்டுக் கடல்களின் ஆண்டுச் சராசரியோ 12 பாகைதான். வெயில் காற்றைச் சூடாக்கும் வேகத்தில் ஏரியைச் சூடாக்குவதில்லை என்பதனால், மே மாதத்து முதல் வெயில் நாள் சனவரி மாதத்தை விட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. சனவரியில் யாரும் மேற்சட்டையைக் கழற்றிப் பாய்வதில்லை.

60 வயதைக் கடந்த அங்கத்தவர்களிடம் மருத்துவரின் கடிதம் கேட்டதனால் மனம் புண்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வயதைச் சுட்டிக்காட்டுவது என் நோக்கமன்று. குளிர்ந்த நீரில் இறங்கியதும் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் திடீரென உயர்கிறது, இதயம் விரைந்து அடிக்கிறது. அதே வேளையில் முகம் நீரில் அமிழ்ந்து மூச்சும் அடக்கப்பட்டால், மெதுவாக அடிக்குமாறு இன்னொரு கட்டளை இதயத்துக்குப் போகிறது. இவ்விரண்டு கட்டளைகளும் மோதும்போது இதயத் துடிப்பு ஒழுங்கு தவறக்கூடும் என்பதைப் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கியிருக்கிறார்கள். நம்மில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியும்.

விபத்து நடந்த மறுநாளே, ஏரி உரிமையாளரின் இசைவோடு, மரத்துறையின் நுனியைச் சங்கிலியிட்டு மூடினேன். நிர்வாகக் குழுவைக் கேளாமல் செய்தேன் என்ற குற்றச்சாட்டு உண்மையே. ஒப்புதல் பெறுவதற்காக மே 11 ஆம் நாள் அவசரக் கூட்டம் கூட்டினேன்; 15 பேர் வேண்டிய கூட்டத்துக்கு 9 பேர் வந்தார்கள். கூட்டத்துக்கு வராதவர்கள், பிறகு தொலைபேசிக் குழுவில் எனக்கெதிராக எழுதிய செய்திகளை நான் வாசித்தேன். அவர்கள் அன்று நேரில் வந்து அதையே சொல்லியிருந்தால் சபையின் முடிவுக்கு நான் கட்டுப்பட்டிருப்பேன். சங்கிலி இன்றும் இருக்கிறது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

மே 18 ஆம் நாள் “ஆறு முழுக்கு” என்ற பயிற்சியைத் தொடங்கினோம். மூன்று நிமிட அளவிலான ஐந்தாறு முழுக்குகளிலேயே குளிர் அதிர்ச்சி பாதியளவாகக் குறைந்துவிடுகிறது என்பதும், அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி பல மாதங்களுக்கு உடலில் தங்கியிருக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கின்றன. நமது முறை எளிது. சரிவான கரை வழியாகவே இறங்க வேண்டும். இடுப்பளவில் நின்று கைகளையும் கழுத்தையும் நனைத்து, பின் தோள்வரை தாழ வேண்டும். கயிற்றைப் பிடித்தபடி, மூச்சை உள்ளிழுப்பதில் அல்ல, வெளியே விடுவதில் கவனம் வைத்து எண்ண வேண்டும். மூச்சு சீராகும்வரை முகத்தை நனைக்கக் கூடாது, நீந்தவும் கூடாது. அதன்பின் மல்லாந்து மிதக்கப் பழக வேண்டும்: காதுகள் நீருக்குள் இருக்குமாறு தலையைப் பின்னே சாய்த்து, கைகளை மெல்ல அசைத்து, கால்கள் தாழ்ந்தால் தாழட்டும் என்று விட்டுவிட வேண்டும். 1824 முதல் இக்கரைகளில் உயிர்காத்துவரும் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பினர் “உயிர்வாழ மிதந்திரு” என்று சொல்லிவருவது இதைத்தான். தவறி விழுந்தவருக்கும் இதுவே வழி; கரையை நோக்கி அடித்து நீந்த முயல்வதுதான் அக்கணத்தில் ஆளைக் கொல்கிறது.

21 பேர் ஆறு முழுக்கையும் முடித்தார்கள். ஒவ்வொருவரின் மூச்சையும் முதல் நிமிடத்தில் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன். 58 வயதுடைய ஒருவர் முதல் முழுக்கில் 48 முறை மூச்சு வாங்கினார்; ஆறாவதில் 27. அதற்கிடையில் நீரும் 3 பாகை சூடேறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவேதான் அடுத்த ஆண்டு மே வரை காத்திராமல், ஏரி 10 பாகை அளவில் இருக்கும் ஏப்ரலிலேயே தொடங்க விரும்புகிறேன். முதல் நாளில் நீருக்குள் நின்று அழுத ஒரு தாயார், ஆறாம் நாளில் தம் மகளுக்கு மிதக்கக் காட்டிக் கொடுத்தார். இச்சங்கத்தில் நான் கண்ட மிகச் சிறந்த காட்சி அது.

முழுக்கு முடிந்து வெளியே வந்தபின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், உடனே துடைத்து, உலர்ந்த உடுப்பு அணிந்து, சூடாக ஏதேனும் அருந்த வேண்டும். சுடுநீர்க் குளியலும் மதுவும் கூடா. தவறாமல் வேர்க்கொம்புக் கோப்பி கொண்டுவந்த அக்காமார் இருவருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகவே உள்ளன. காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தமையால் கையிருப்பு சற்றுக் குறைந்துள்ளது. எறிகயிற்றுப் பைகள் இரண்டும் வெப்பமானியும் தேவையற்ற செலவென்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் குறிப்பிட்டார். மே 1 ஆம் நாள் வீசப்பட்டது அந்தப் பைகளில் ஒன்று என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். 43 அங்கத்தவரில் 26 பேரே சந்தா செலுத்தியிருக்கிறார்கள். செலுத்தாத 17 பேரில் பெரும்பாலானோர் வெயில் நாட்களில் வருபவர்கள். நமது கயிறும் கரையில் நிற்பவரும் யாரைவிடவும் அவர்களுக்கே தேவைப்படுகின்றன.

2016 ஆகஸ்டில் கம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் ஐந்து தமிழ் இளைஞர்கள் மாண்டபோது எழுந்த துயரத்தில்தான் மறுவருடம் இச்சங்கத்தைத் தொடங்கினோம். அன்று பேசப்பட்டவை மணல்திட்டும் கடலின் வற்றுப்பெருக்கும். குளிரைப் பற்றி நாம் பேசத் தொடங்குவதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. அந்தத் தாமதத்தில் என் பங்கும் உண்டு.

தலைவருக்கும், பொருளாளருக்கும், ஏரி உரிமையாளருக்கும், சிறுவர் வகுப்பு ஆசிரியர்களுக்கும், உணவு வழங்கிய குடும்பங்களுக்கும் நன்றி தெரிவிக்கிறேன்.

ஆறு முழுக்கை முடிக்காதவர், விருந்தாளியாயினும், ஆழப் பகுதிக்குச் செல்லக் கூடாது என்ற விதியைச் சங்கத்தின் யாப்பில் (அமைப்பு விதிகளில்) சேர்க்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. அது நிறைவேறினால் இப்பொறுப்பில் மேலும் ஓராண்டு தொடர ஆயத்தமாக இருக்கிறேன். நிறைவேறாவிட்டால், கரையில் நின்று பிறர் உயிருக்குப் பொறுப்பேற்க என்னால் இயலாது. அதை வேறொருவர் ஏற்க முன்வர வேண்டும்.

முதலாம் முழுக்கு 2026 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு. பெயர் பதிவதற்கான தாள் தேநீர் மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அருகே வைக்கப்பட்டுள்ளது. அன்று கரையில் கயிற்றோடு நிற்பதற்கு நால்வர் வேண்டும். இதுவரை இருவரே எழுதியிருக்கிறார்கள்.

செயலாளர்