சிங்கப்பூரைக் கட்டிய கைதிகளையும் நம் வரலாற்றில் சேருங்கள்

சிங்கப்பூரின் தமிழ் அமைப்புகளுக்கும் சங்கங்களுக்கும் வணக்கம்.

2019-இல் இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். நியாயமான மகிழ்ச்சிதான். 1819-இல் பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்டவர், 1827-இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர். ஆனால் அந்தக் காலத்துத் தமிழர் என்றதும் அவரையும் செட்டியார்களையும் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். தீவாந்தர தண்டனை பெற்று, அதாவது கடல் கடந்து நாடு கடத்தப்பட்டு, வந்த கைதிகளைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு எழுவது அரிது. எழுந்தாலும் அரை வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

இந்தத் துறைமுகம் எப்படி வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். சுங்க வரி கிடையாது என்பதால்தான் கப்பல்கள் இங்கே குவிந்தன. வரி இல்லை என்றால் அரசின் கையில் காசும் இல்லை. அபின், சாராயக் குத்தகையில் வந்த பணம்தான் பெரிய வருமானம். அதை வைத்துக்கொண்டு சதுப்பைத் தூர்க்கவும் சாலை போடவும் பாலம் கட்டவும் முடியுமா? கூலி கேட்காத ஆட்கள் வேண்டியிருந்தது. 1824 ஆங்கிலேய-டச்சு ஒப்பந்தப்படி சுமத்ராவில் ஆங்கிலேயர் வசமிருந்த பென்கூலன் டச்சுக்காரர்களிடம் போனதும், அங்கிருந்த இந்தியக் கைதிகளை இங்கே மாற்றினார்கள். 1825 ஏப்ரலில் வந்து இறங்கிய முதல் தொகுதி, மெட்ராஸ் மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த 80 பேர். அடுத்து வங்காளத்தவர் வந்தார்கள். 1873-இல் எஞ்சியவர்களை அந்தமானுக்கு அனுப்பும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இது நடந்தது. எல்லோரும் தமிழர் அல்லர்; வங்காளிகள், சீக்கியர்கள், மராட்டியர்கள் எனப் பலரும் இருந்தார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நார்த் பிரிட்ஜ் சாலை, சவுத் பிரிட்ஜ் சாலை, 1855-இல் எரியத் தொடங்கிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா எல்லாவற்றிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. பிராஸ் பாசாவில் தங்களுக்கான சிறையைக்கூட அவர்களே கட்டினார்கள். நன்னடத்தையால் மேலே வந்த கைதியே மற்றக் கைதிகளுக்குத் தண்டலாக, அதாவது மேற்பார்வையாளராக, நின்று வேலை வாங்கினார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைச் சுவரைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சு எப்படித் தயாரானது தெரியுமா? அதைக் கட்டிய கைதிகளை மேற்பார்த்த மக்நேர் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். மணலே சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டையின் வெள்ளைக் கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் நன்றாக அடித்து அதில் கலப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்ததும் படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இடையிடையே மாக்கல் பொடியும் தூவுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும். ஆங்கிலேயர் இதை மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே குறிப்பிட்டார்கள். வடிவமைத்த மெக்பர்சனின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தேய்த்தவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

நம் தயக்கத்துக்குக் காரணம் வெட்கம்தான் என்று நினைக்கிறேன். அவர்களில் கொலை செய்தவர்களும் கொள்ளையடித்தவர்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1802-இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியை நெகிழ்ந்து பேசுகிறோமே, அதே கிழக்கிந்தியக் கம்பெனி அதே கடல் தாண்டி அனுப்பிய ஒரு சாதாரணத் திருடனைப் பற்றிப் பேச மட்டும் ஏன் கூச்சம்? அவன் தன் தண்டனையைக் கல் உடைத்துத் தீர்த்தான். விடுதலையான பலர் மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் இங்கேயே தங்கிவிட்டார்கள். நம்மில் சிலர் அந்த வழியில் வந்தவர்களாகவே இருக்கலாம்.

இனி என் வேண்டுகோள். நீங்கள் இளையர்களைக் கூட்டிச் செல்லும் மரபு நடைகளில் மாரியம்மன் கோயிலோடு நின்றுவிடாமல், பிராஸ் பாசாவுக்கும் தேவாலயத்துக்கும் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வைத்துக் கூட்டிப் போங்கள். அப்புறம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் மாகாண நீதித்துறைப் பதிவுகள் இருக்கின்றன. இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றப் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த அன்றைய ஆங்கிலேய ஆட்சிப் பகுதி) பதிவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பெயர்களைத் தேட ஓர் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கொடுங்கள். ஓர் ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே இதைத் தொடங்கிவிடலாம். குடும்பக் கதைகளைச் சொல்ல முன்வருபவர்கள் இருந்தால், அவர்கள் விரும்பாதவரை பெயரை வெளியிடாமல் பதிவு செய்யுங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் விழாக்களுக்குத் தவறாமல் வரும் ஒரு வாசகர்