வின்32 என்று சொன்னால் நம்பலாமா?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்துப்போயிற்று என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கும் இப்போது ஒரே நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவைக்கும் வேலைதான். அதனால் நீ கேட்டது தினமும் என் மேசையில் கிடக்கிற விஷயம்.

எந்த இயங்குதளத்தில் ஓடுகிறாய் என்று கேட்டால், 64 பிட் விண்டோஸிலும் பைத்தான் மொழி ஏன் ‘வின்32’ என்கிறது? அந்த 32, உன் கணினியின் பிட் கணக்கு இல்லை. வின்32 என்பது விண்டோஸின் நிரலிடைமுகத்துக்கு, அதாவது நிரல்கள் விண்டோஸின் வசதிகளைக் கேட்டுப் பெறும் வழிக்கு, அன்று வைத்த பெயர். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் அதையேதான் சொல்லும். இப்போது மாற்றினால் பழைய நிரல்கள் உடையும். இது வெறும் பயமில்லை. 2011-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.0 பதிப்பு வந்ததும், அதில் தொகுத்த (கம்பைல் செய்த) பைத்தான் ‘லினக்ஸ்2’ என்பதை விட்டு ‘லினக்ஸ்3’ என்றது. பழைய பெயரோடு ஒப்பிட்ட நிரல்கள் தடுமாறின. பைத்தான் 3.3-இல் அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு.

பிராசசர் பெயர்களில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே இன்டெல் சிப்பை பைத்தான் லினக்ஸில் ‘எக்ஸ்86_64’ என்கிறது, விண்டோஸில் ‘ஏஎம்டி64’ என்கிறது. நோட்.ஜேஎஸ்ஸுக்கு அது ‘எக்ஸ்64’. அந்த 64 பிட் வடிவமைப்பைக் கொண்டுவந்தது ஏஎம்டி, அதனால் இன்டெல் சிப்பிலும் அந்தப் பெயர். இன்டெல் இல்லாமல் ஆர்ம் வகை சிப் என்றால் பைத்தானுக்கு மேக்கில் ‘ஆர்ம்64’, லினக்ஸில் ‘ஏஆர்ச்64’.

பெயரைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பதில் கணினியைப் பற்றியதா, ஓடும் நிரலைப் பற்றியதா என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆர்ம் வகை எம்1 சிப் உள்ள மேக்கில், இன்டெலுக்குத் தொகுத்த பைத்தானை ரொசெட்டா (இன்டெல் நிரல்களை அங்கே ஓடவைக்கும் ஆப்பிளின் மென்பொருள்) வழியாக ஓட்டினால் ‘எக்ஸ்86_64’ என்றே பதில் வரும். அந்த நிரலுக்குள் ஒரு லைப்ரரியை ஏற்றப்போகிறாய் என்றால் அது சரியான பதில். அந்தக் கணினிக்கு எந்த இன்ஸ்டாலரை இறக்குவது என்று முடிவுசெய்ய அது தவறான பதில். கோ மொழியில் இது இன்னும் வெளிப்படை: தளத்தின் பெயரும் சிப்பின் பெயரும் தொகுக்கும்போதே நிரலுக்குள் பதிந்துவிடும்.

அப்புறம், நீ அனுப்பிய நிரலில் தளத்தின் பெயரில் ‘வின்’ இருக்கிறதா என்று தேடும் வரியை உடனே மாற்று. மேக்குக்கு பைத்தான் சொல்லும் பெயர் ‘டார்வின்’, அதுவும் அதில் சிக்கும். பெயர் ‘வின்’ என்று தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும். முடிந்தால் இந்தச் சோதனைகளை எல்லாம் ஒரே கோப்பில் வை. திருத்தி அனுப்பு, மேக்கிலும் ஆர்ம் லினக்ஸிலும் நான் ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்வம்