கொலுசு ஏன் கறுக்கிறது: சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கன்னங்கரேலென்று ஒரு ஜோடி கொலுசு, பக்கத்தில் எங்கள் கடைப் பெட்டி, கூடவே "ஈயத்தைக் கலந்து விக்கிறாங்க" என்று ஒரு குரல் பதிவு. அப்பா காலத்திலிருந்து நம்மிடம் வாங்குகிறவர்களே வந்து தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்களை நினைத்தால்தான் வருத்தம்.

கொலுசு எங்களுடையதுதான். ஆனால் அந்தக் கறுப்பு ஈயம் இல்லை, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. வெறும் ஆக்சிஜன் பட்டு வெள்ளி கறுக்காது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் துளியளவு இருந்தால் போதும், ஈரத்தோடு சேர்ந்து வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். அதில் இருக்கிற கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கந்தகம் ஓரிடத்தில் நிற்காது. கடலிலிருந்து காற்றுக்கு ஏறுவதும் ஹைட்ரஜன் சல்பைடுதான் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1972இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக்கும் கூட்டாளிகளும், கடலின் நுண்பாசிகளால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவைச் சுட்டிக்காட்டினார்கள். எரிமலையும் தன் பங்குக்குக் கக்கும். 1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்தபோது வானத்துக்குப் போன சல்பர் டை ஆக்சைடு என்ற கந்தக வாயுவால் உலகமே அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. நிலக்கரியை எரித்தாலும் அதே வாயுதான். இவையெல்லாம் காற்றில் சல்பேட் என்ற கந்தக உப்பாகி, மேகத்தில் கலந்து, சேர்வராயன் மலைமேல் மழையோடு இறங்குகின்றன. ஏற்காட்டுக் காப்பிச் செடி அதை வேரால் இழுத்துப் புரதத்தில் சேர்க்கிறது. வெங்காயம் கண்ணைக் கரிப்பதும் கந்தகத்தால்தான். நம் முடியிலும் நகத்திலும்கூட அது உண்டு.

அப்புறம் எல்லாம் சாக்கடைக்குப் போகிறது. மலையில் பிறந்து ஊருக்குள் வருகிற திருமணிமுத்தாற்றின் நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் புகாத சேற்றில் வாழ்கிற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்பேட்டைச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. கோடையில் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறோமே, அந்த நாற்றத்தில் இதற்கும் பங்கு உண்டு. மூக்குக்கு எட்டாத அளவுகூட வெள்ளிக்கு எட்டிவிடும். உடம்புச் சூடுதான் காரணம் என்று பாட்டிகள் சொல்வதை நான் எதிர்த்துப் பேசுவதில்லை, வியர்வையும் சேர்ந்துகொள்ளும்தான்.

கறுத்தாலே சுத்த வெள்ளி என்றும் சொல்ல மாட்டேன், செம்பும் கறுக்கும். டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். எந்தக் கடைக் கொலுசானாலும் கொண்டுவாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே பார்த்துச் சொல்கிறோம்.

வீட்டில் செய்ய ஒரு வழி: பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதில் படும்படி வைத்து, சமையல் சோடாவைத் தூவி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி கொலுசிலேயே தங்கிவிடும். பல்பொடி போட்டுத் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போய் எடை குறையும். கல், எனாமல் வைத்த கொலுசுக்கு இந்தச் சோடா வேலை வேண்டாம். ரப்பர் பேண்டு போட்டும் வைக்காதீர்கள், ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது.

அந்தப் படத்துக்குக் கீழேயே, தன் கல்யாணக் கொலுசை மகள் காலில் போட்டுப் படம் எடுத்துப் பதில் போட்ட அம்மாபேட்டை அக்காவுக்கும், விசாரிக்காமல் எதையும் நம்ப மாட்டோம் என்று சொன்ன எல்லோருக்கும் கை கூப்பி நன்றி சொல்கிறோம். நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் கடையைத் திறக்கிறோம்.

மெருகு போடுகிற அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டதாலும் வெள்ளி விற்கிற விலையாலும், தை முதல் இலவச மெருகு இருக்காது. செய்கூலியும் சற்றுக் கூடும்.

படத்தைப் போட்ட தங்கையும் அந்தக் கொலுசோடு ஒருமுறை கடைக்கு வர வேண்டும். டச் பார்க்கவும் மெருகு போடவும் அவரிடம் காசு வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்